கடல் ஏறிவரும் தோட்டத்து ஊரில் பேரழிவுக் கதை: எது போகும், எது நிற்கும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டத்து ஊரை வைத்து ஒரு நாவல் எழுத ஆசை. பருவநிலை கெட்டு, நாடு நகரமெல்லாம் குலைந்துபோன பிறகு அங்கே மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் கதை. ஆனால் பார்த்த படங்களில் எல்லாம் பாலைவனம், துப்பாக்கி, பதுங்குகுழி. எழுத உட்கார்ந்தால் அதுவேதான் வருகிறது. நம்ம பக்கம் உண்மையில் எது முதலில் போகும், எது நிற்கும், ஆட்கள் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள்?"

நல்ல கேள்வி, தம்பி. கடலோரத் தோட்டங்களில் வெளிக்காட்டு வேலையும் வடிகால் வேலையும் பார்த்தே என் காலம் போனது. இந்த வகைக் கதைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் உலகம் ஒரே நாளில் முடியாது. சம்பளம் நிற்கும், ஆலை நிற்கும், நிர்வாகி வண்டி ஏறிப் போய்விடுவார். கடல் மட்டும் நாளுக்கு இரண்டு தடவை வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கிற மதகும் மண்கரையும் அங்கேயே இருக்கும். கூலி தர யாருமே இல்லாதபோது, தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைக் காக்க நடுராத்திரியில் மதகுக்கு யார் போவார், எதற்காகப் போவார்? உங்கள் நாவல் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். துப்பாக்கியை விட இதில் கதை அதிகம்.

மதகிலிருந்தே தொடங்குவோம். பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், பெர்ணாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சபாக் பெர்ணாம், இன்னும் கீழே கேரித்தீவு வரை, கடலோரத் தோட்டங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்புக்காடு. மண்கரை எழுப்பிக் கடலை வெளியே நிறுத்தி, கான் வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் பயிர் வைத்தார்கள். பல இடங்களில் நிலம் கடலின் பெரிய ஏற்றத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதாவது அமாவாசை, பௌர்ணமியில் மரத்தடியில் நின்றால் கரைக்கு வெளியே உள்ள தண்ணீர் நீங்கள் நிற்கும் தரையை விட உயரத்தில் இருக்கும். இதை ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே யோசித்துப் பார்ப்பதில்லை. கரை அந்த அளவுக்குத் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

மதகின் கதவு மேலே கீல் வைத்துத் தொங்குகிற கனமான பலகை அல்லது இரும்பு. கடல் இறங்கும்போது உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது அதன் அழுத்தமே கதவைச் சாத்திவிடும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஊரே இருண்டுபோன பிறகும் அது வேலை செய்யும். ஆனால் ஒரு தேங்காய் மட்டை கதவிடுக்கில் சிக்கினால் போதும், அன்று ராத்திரி ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே சீறிக்கொண்டு வரும். ஒருவர் சேற்றில் இடுப்பளவு இறங்கி, இருட்டில் கையை விட்டுத் துழாவி அந்த மட்டையைப் பிடுங்க வேண்டும். ஏற்றம் தொடங்குவதற்குள் வேலை முடியாவிட்டால் கதவு கையின் மேல் சாத்தும். இதோடு சேற்று நண்டு கரையில் துளை போடும். விரல் நுழைகிற துளைதான். அதை அடைக்காமல் விட்டால் கரையே இடிகிறது. தினமும் ஒருவர் கரைமேல் நடந்து கண்ணால் பார்க்க வேண்டிய வேலை இது. இயந்திரத்துக்கு விட முடியாது.

பருவநிலை மாற்றம் இந்த மதகுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006-க்குப் பிறகு வேகம் கூடி ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர் என்று ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கை சொல்கிறது. 2100-க்குள் மனிதர்கள் புகையைக் குறைப்பதைப் பொறுத்து ஏறத்தாழ 30 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. துருவப் பனிப்பாளம் எதிர்பாராமல் உடைந்தால் அதற்கும் மேலே போகலாம். வாசகர் இதைப் படித்து, ஒரு மீட்டர்தானே, இடுப்பளவு என்று கடந்துபோவார். அவருக்கு மதகின் நேரக் கணக்கைக் காட்டுங்கள். கதவு திறந்திருக்கும் நேரம் என்பது கடல் உள்ளிருக்கும் தண்ணீரை விடத் தாழ்ந்திருக்கும் நேரம். கடல் உயர உயர அந்த நேரம் சுருங்கும். தாத்தா காலத்தில் ஓர் இறக்கத்துக்கு ஐந்தாறு மணி நேரம் வடிந்த கான், பேரன் காலத்தில் இரண்டு மணி நேரம் வடியும். அதற்குப் பின்னால் ஒரு நாள் கதவு திறக்கவே திறக்காது. கடல் கரையைத் தாண்டாமலே, உள்ளே பெய்த மழையிலேயே தோட்டம் மூழ்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை ஒரேயடியாகக் கொட்டும், வடிவதற்கான நேரமோ குறையும். இரண்டு பக்கமும் நெருக்குகிறது.

நிலமும் இறங்குகிறது. கரிமண், அதாவது செடிகொடி அரைகுறையாக மக்கிச் சேர்ந்த மண் உள்ள இடத்தில் தண்ணீரை வடித்தால், மண்ணே காற்றுப்பட்டு மக்கிக் கரைந்துபோகும். தொடக்க ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேல்கூட இறங்கும், பிறகும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். கடல் மில்லிமீட்டரில் ஏற, நிலம் சென்டிமீட்டரில் இறங்குகிறது. செம்பனையின் வேர் வெளியே தெரிய, மரம் சாய்ந்து வளைந்து மறுபடி மேல்நோக்கி வளர்ந்திருப்பதைக் கரிமண் தோட்டத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் கதையில் அப்படி ஒரு நிரையைக் காட்டினால் வாசகருக்கு விளக்கமே தேவையில்லை.

கடல் களிமண்ணுக்கு வேறொரு குணம் உண்டு. அதில் கந்தகச் சேர்மம் ஒளிந்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை சாது. நீண்ட வறட்சியில் தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றுப்பட்டால் அது அமிலமாக மாறும். அடுத்த மழையில் அந்த அமிலம் கானில் இறங்கும். அப்போது கான் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், கரையோரம் துருநிறம் படியும், மீன் செத்து மிதக்கும். வெளியூரிலிருந்து தப்பி வருகிற ஒருவன் தெளிந்த தண்ணீரைக் கண்டு ஆசையாகக் குடிக்கக் குனிவான். தோட்டத்துக் கிழவி ஒருத்தி அவன் கையைத் தட்டிவிடுவாள். கலங்கிய கான்தான் நல்ல கான் என்று அவளுக்குத் தெரியும். ஊர்க்காரரின் அறிவு உயிரைக் காப்பாற்றுகிற காட்சி ஒன்று வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து செம்பனை. மனிதர்கள் போன பிறகு செம்பனைக் காடு அப்படியே பச்சையாக நின்று சோறு போடும் என்று எழுதிவிடாதீர்கள். இருபத்தைந்து ஆண்டு தாண்டிய மரம் அரிவாள் கம்புக்கு எட்டாது. குலை மேலேயே பழுத்து உதிரும், எலி பெருகும், எலியைத் தேடி நாகம் வரும், ஆந்தை வரும். அடித்தண்டு அழுகல் நோய் பிடித்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும். உதிரிப் பழம் முளைத்துக் கன்று வரும்தான். ஆனால் தோட்டத்தில் நடுவது இரண்டு வகையைச் சேர்த்து எடுத்த ஒட்டு ரகம். அதன் பழத்திலிருந்து முளைப்பதில் பாதிதான் தாயைப் போல இருக்கும். கால் பங்கு ஓடு தடித்து எண்ணெய் குறைந்தது, இன்னொரு கால் பங்கு பெரும்பாலும் காய்க்காத மலடு. எந்தக் கன்று எது என்று காய்க்கும் வயது வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றிக் காவல் காத்த கன்று மலடாகப் போவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இடி என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொரு சின்ன உயிர் இருக்கிறது. செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் மூக்குவண்டு நம்ம நாட்டுப் பூச்சி இல்லை. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்னால் ஆட்கள் மரம் மரமாகப் போய்ப் பூவில் கையால் மகரந்தம் தூவினார்கள். வெப்பமும் அடைமழையும் அந்த வண்டைக் குறைத்துவிட்டால் குலை பாதி சூம்பிப்போகும். அப்போது யாராவது ஒரு பெரியவர், தன் அம்மா செய்த அந்தப் பழைய வேலையை நினைவிலிருந்து தோண்டி எடுத்து இளையவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கும்.

ஆலையைப் பற்றி நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் உண்டு. செம்பனை ஆலை தன் எரிபொருளைத் தானே வைத்திருக்கிறது. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டையோட்டையும் எரித்து நீராவி எடுத்து, அதிலேயே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும். ஆக, நாடே இருண்ட பின்னும் ஒரு தோட்டத்து ஆலையில் மட்டும் விளக்கு எரிவது கற்பனைக்கு எட்டாததில்லை. கெட்ட செய்தி என்னவென்றால் கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஆலைக் குளத்தில் உப்பு ஏறினால் குழாய்கள் அரித்துப்போகும். மாற்றுக் குழாய் எங்கே வாங்குவது? வெட்டிய குலையையும் ஒரு நாளுக்குள் வேகவைத்தாக வேண்டும், தாமதித்தால் எண்ணெய் கெடும். அதனால் வெட்டுகிறவர், ஏற்றுகிறவர், கொதிகலன் பார்க்கிறவர் என எல்லோரும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் ஆலை ஓடும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் ஊர் விளக்கு அணையும். ஜென்டராட்டா தோட்டத்துப் பக்கம் பழம் ஏற்ற ஓடும் சிறு ரயில் பாதையைப் பார்த்திருப்பீர்கள். சமதரையில் அந்த வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டே போகலாம். டீசல் தீர்ந்த உலகத்தில் அந்தத் தண்டவாளத்துக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஆலை போனாலும் எண்ணெய் போகாது. பழத்தை வேகவைத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டால் மேலே செக்கச்செவேல் என்று எண்ணெய் மிதக்கும். கடையில் வாங்கும் வெளுத்த எண்ணெய் மாதிரி இருக்காது. அந்தச் சிவப்பில்தான் மாலைக்கண் வராமல் காக்கும் சத்து இருக்கிறது.

சோற்றுக்கு வருகிறேன். தோட்டத்துக்காரன் எண்ணெய் விளைத்து அரிசி வாங்கித் தின்கிறவன். இது நூறு வருஷத்துப் பலவீனம். 2023-இல் ஒரு சின்ன ஒத்திகையே பார்த்தோம். மழை பொய்க்குமோ என்ற கவலை, உள்நாட்டு விலையேற்றம் எல்லாம் சேர்ந்து ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்ட்டில் புழுங்கல் அரிசிக்கும் 20 சதவீத வரி போட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் இங்கே இறக்குமதி அரிசி 36 சதவீதம் விலை ஏறியது. உடனே 10 கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை கட்டியிருந்த உள்ளூர் அரிசி கடை அலமாரியிலிருந்து காணாமல் போனது. எங்கோ ஒரு நாட்டில் பருவமழை பற்றிய பயம், நம்ம பட்டணத்து மளிகைக்கடையில் மூட்டை இல்லாமல் போவதில் முடிந்தது. உங்கள் முதல் அத்தியாயம் அந்த அலமாரியிலேயே தொடங்கலாம்.

பெர்ணாம் ஆற்றைத் தாண்டினால் சிகிஞ்சான், தஞ்சோங் காராங் நெல்வயல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அந்த வயல்களுக்குத் தண்ணீர் பெர்ணாம் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாகப் போகிறது. நடுவில் வட சிலாங்கூர் கரிமண் காடு இருக்கிறது. அந்தக் காடு மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் மெல்ல விடும். ராஜா மூசா காட்டில் தீப்பிடித்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். காடு எரிந்தால் வயலுக்கும் தண்ணீர் குறையும். ஆக உங்கள் கதை மாந்தர்கள் ஆற்றின் அந்தக் கரையிலுள்ள மலாய், சீன விவசாயிகளோடு பேசித்தான் பிழைக்க முடியும். இவர்களிடம் எண்ணெய் இருக்கிறது, அவர்களிடம் நெல் இருக்கிறது. கொள்ளையடிக்கிற கதையைவிட இந்தப் பேரம் நடக்கிற கதை எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. வெள்ளத்தில் நம்ம மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே சாட்சி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, கூரைமேல் நின்றவர்களைப் படகு வைத்திருந்த சாதாரண ஜனங்கள் இனம் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புழுங்கல் அரிசியைப் பற்றிக் கதையில் கட்டாயம் எழுதுங்கள். நூற்றிருபது ஆண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்று குவித்தது. தீட்டிய பச்சரிசி தின்ற சீனர்களுக்கு அது வந்தது, புழுங்கல் தின்ற தமிழர்களுக்கு வரவில்லை என்பதை பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, இரண்டு வகை அரிசி கொடுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மருந்துக்கடையே இல்லாத உலகில் நெல் அவிக்கத் தெரிந்த பாட்டிதான் ஊருக்கு வைத்தியர்.

மரவள்ளிக்கிழங்கு வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிழங்கை மட்டும் தின்றால் கால் வீங்கும், பிள்ளைகள் வளராது. கசப்பு ரகத்தை ஊறப்போட்டு நன்றாக வேகவைக்காமல் தின்றால் விஷம். கூடவே மீனும் கீரையும் வேண்டும். அந்தக் கீரைக்கு மரவள்ளி இலையையே அவித்துக்கொள்ளலாம்.

நோயில் கொசுவை மறக்காதீர்கள். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்துத்தான் மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். கடலோரத்தில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு உப்பும் நல்லதண்ணீரும் கலந்த குட்டையில் முட்டையிடும். கரை உடைந்தால் அந்தக் குட்டைகள்தான் முதலில் உருவாகும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் நம்ம நாட்டில் இல்லை. மதகோடு அந்தக் காவலும் போய்விடும்.

வெயிலையும் புகைமூட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. ஆனால் நம்ம கடலோரத்தில் ஆளைக் கொல்வது ஈரத்தோடு சேர்ந்த வெப்பம். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே ஆபத்து. அதனால் உங்கள் கதையில் வேலை நேரம் ராத்திரிக்கு மாறும். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற பழைய ரப்பர் பால்காட்டுப் பழக்கம் திரும்பி வரும். புகைமூட்டத்துக்கு 2005 ஆகஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அது சில நாளில் கலைந்தது. உங்கள் கதையில் அது மூன்று மாதம் நிற்கட்டும்.

இனி ஆட்கள். இதில்தான் நான் அதிகம் அக்கறை காட்டுகிறேன். உலகம் முடிந்த கதைகளில் பெரும்பாலும் ஒற்றை ஆள் தோளில் பையோடு நடப்பார். தோட்டத்தில் ஒற்றை ஆளால் ஒன்றும் ஆகாது. அங்கே எல்லாமே கும்பலாகச் செய்கிற வேலை, அதில்தான் மக்கள் வாழ்ந்தும் இருக்கிறார்கள்.

நம்ம தோட்டத்து ஜனம் ஏற்கெனவே சில உலகங்கள் முடிவதைக் கண்டவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரங்கூன் அரிசியும் சயாம் அரிசியும் வராமல் போனது. அப்போது மலாயா தின்ற அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்ததுதான். ரப்பர் வாங்க ஆளில்லை, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லை, துணிக்குச் சாக்கு. 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதைக்கு ஆண்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. மிஞ்சிய பெண்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பின்புறம் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அடுத்து 1948-இல் அவசரகாலம். வேலிக்குள் குடியமர்த்தி, அரிசியை அளந்து, டின் உணவு வாங்கினால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போகாதபடி கடைக்காரரே ஓட்டை போட்டுக் கொடுக்கிற காலம். சாப்பாட்டைக் கையில் வைத்திருக்கிறவர் மனிதர்களை எப்படிக் கட்டுப்படுத்துவார் என்று எழுத வெளிநாட்டுக் கதைகளைப் புரட்ட வேண்டியதில்லை, உங்கள் தாத்தா பாட்டி தலைமுறையைக் கேட்டாலே போதும்.

அப்புறம் வந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, தோட்டங்கள் துண்டு துண்டாகி, வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீட்டுக்கும் உரிமை இல்லை. அந்த நேரத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பால் வெட்டியவர்கள் கைக்காசு போட்டு நிலத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். உங்கள் கதையில் கம்பெனி கைவிட்டுப் போன தோட்டத்தில் ஜனங்கள் கூடி உட்கார்ந்து "இனி இது யாருடையது?" என்று கேட்கும்போது, யாராவது ஒருவர் நினைவில் அந்தப் பத்து வெள்ளி வர வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இன்றைய தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பான்மையோர் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. 2020-இல் கோவிட்டுக்காக எல்லையை மூடியபோது ஆள் இல்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது. நம்மவர்கள் பட்டணத்துத் தாமானுக்கும் (வீடமைப்புக் குடியிருப்புக்கும்) அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். ஆக, கடைசிக் காலத்தில் தோட்டத்துக்குள் இருப்பவர் இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த ஒரு குடும்பமாக இருக்கலாம், பட்டணத்திலிருந்து தப்பித் திரும்பி வருகிறவர்கள் தமிழர்களாக இருக்கலாம். "இது எங்க தாத்தா தோட்டம்" என்று இவர்கள் சொல்ல, "நாங்கதான் இத்தனை வருஷம் மதகைப் பார்த்துக்கிட்டோம்" என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மை. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். நூறாண்டுக்கு முன் கப்பலேறி வந்து, காடழித்துக் கரை கட்டி, கடைசியில் வெளியே போகச் சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னொரு கப்பலில் வந்தவர்களைப் பார்த்து என்ன சொல்லப் போகிறார்கள் என்பதில்தான் நாவலின் உயிர் இருக்கிறது.

உச்சக்கட்டத்துக்கு ஒரு யோசனை. கடலோர வேலையில் ஒரு முறை உண்டு. முன்கரையைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், உள்ளே தள்ளி இரண்டாவது கரை எழுப்பி, நடுவிலுள்ள நிலத்தைக் கடலுக்கு விட்டுவிடுவார்கள். எந்த நிலத்தை விடுவது? விடப்படும் துண்டில் யாருடைய மரவள்ளித் தோட்டம் இருக்கிறது, எந்த முனீஸ்வரர் மேடை இருக்கிறது, யாரைப் புதைத்த இடம் இருக்கிறது? ஊர் கூடி அதை முடிவு செய்து, தங்கள் கையாலேயே மண்வெட்டி எடுத்துக் கரையை வெட்டிவிட வேண்டும். செம்பனை உப்பில் சில மாதத்தில் கருகும், தென்னை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிறகு சேற்றில் சதுப்புக்காட்டு மரங்கள் வரும்: முதலில் அப்பி-அப்பி முளைக்கும், அதற்குப் பின்னால் பக்காவ், ஓடைக்கரையில் நீப்பா என்னும் பனை. நீப்பாவில் கூரைக்கு ஓலை, பாளையில் சர்க்கரை. பக்காவ் விறகு கரியாகும். பேராக்கின் மாத்தாங் சதுப்புக்காட்டில் நூறாண்டுக்கு மேலாக, முப்பது ஆண்டுச் சுற்றில் வெட்டி வெட்டி நட்டுக் கரி சுடுகிறார்கள், காடும் அழியவில்லை. அந்தச் சதுப்புக்காடு வளர்ந்து நின்றால் இரண்டாவது கரைக்கு அலை அடிக்காது. இழந்த துண்டே மிஞ்சியதற்குக் காவலாகும். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு வேண்டும். அந்த இடைக்காலத்தை எழுதுவதுதான் கடினம், அதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

வடக்கே ஓடும் பேராக் ஆற்றின் மேற்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், சென்டரோ என்று வரிசையாக அணைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் அந்த ஆற்றுமுகத்தில் இருக்கும் பாகான் டத்தோ பக்கத்துக்குச் செய்தி எப்படி வரும்? கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குப் பின்பக்கமிருந்து தண்ணீர் வரலாம். இதைக் கதையில் பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒரே நாவலில் எல்லாக் கேட்டையும் போட்டுத் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

ஆண்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். 2070-கள் பொருத்தமாக இருக்கும். இன்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அப்போது ஊரின் மூத்த ஆள். மின்விசிறி, கைபேசி, பசார் மாலாம் (இரவுச் சந்தை) எல்லாம் அந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும், மற்றவர்களுக்குக் கதையாக இருக்கும். அந்தப் பள்ளிக்கூடமே நிவாரண மையமாகி, பிறகு குடியிருப்பாகவே ஆகியிருக்கும், இன்றும் வெள்ளம் வந்தால் அங்கேதானே போகிறோம்.

எழுதத் தொடங்குமுன் மூன்று வேலை செய்யுங்கள். பாகான் டத்தோ ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்து நாள்காட்டியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அமாவாசை ஏற்றத்தில் அனுமதி கேட்டுக் கரைமேல் நடந்து, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தொண்ணூறு தாண்டிய யாராவது பக்கத்தில் இருந்தால், ஜப்பான்காரன் காலத்தில் காலையில் என்ன சாப்பிட்டார்கள், உப்பு எங்கே கிடைத்தது, விளக்குக்கு என்ன ஊற்றினார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். கஷ்டப்பட்டீர்களா என்று கேட்டால் ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.

மதகுக் காட்சியை எழுதியதும் அனுப்புங்கள், தம்பி. நிலவும் ஏற்றமும் கதவு திறக்கும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்துத் தருகிறேன்.